ஜாமீன் கிடைச்சும் ஜெயில்தான்... ஏழைக்கும் பணக்காரருக்கும் சட்டம் ஒண்ணா? முழு விளக்கம்

"சட்டத்தின் முன் எல்லோரும் சமம்." அரசியலமைப்புச் சட்டத்தின் 14வது பிரிவு சொல்வது இதுதான். ஆனா ஒரே குற்றச்சாட்டு, ஒரே நீதிமன்றம், ஒரே மாதிரி ஜாமீன் உத்தரவு. ஒருவர் அன்று மாலையே வீட்டுக்குப் போகிறார். இன்னொருவர் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கிறார். வித்தியாசம் குற்றத்தில் இல்லை, கையில் இருக்கும் காசிலும் ஆள் பலத்திலும்தான்.

பணமும் அதிகாரமும் சமமாக இல்லாத நாட்டில் நீதியும் சுதந்திரமும் எல்லோருக்கும் சாத்தியமா? இந்தக் கேள்விக்கு ஜாமீன் நடைமுறையை விடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். சட்டம் என்ன சொல்லுது, நடைமுறையில் என்ன நடக்குது, இதுவரை என்ன மாறியிருக்கு? பார்க்கலாம்.

ஜாமீன் என்றால் என்ன?

கைது செய்யப்பட்டவர் குற்றவாளி அல்ல. அவர் மீதான குற்றம் நிரூபிக்கப்படும் வரை சட்டத்தின் பார்வையில் அவர் நிரபராதிதான். விசாரணைக்குத் தவறாமல் வருவேன், சாட்சிகளைக் கலைக்க மாட்டேன் என்ற உறுதியின் பேரில் அவரை வெளியே விடுவதுதான் ஜாமீன். "ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்கு" என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது.

பலர் நினைப்பது போல, இந்தியாவில் ஜாமீன் என்றால் பெரும்பாலும் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வருவது இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். கூடவே, "இவர் வராவிட்டால் இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட ஜாமீன்தாரர்கள் வேண்டும். அந்த ஜாமீன்தாரர் தன் அடையாளம், முகவரி, சொத்து அல்லது வருமானத்துக்கான ஆதாரத்தை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். சிக்கல் ஆரம்பிப்பதே இங்கேதான்.

ஒரே உத்தரவு, இரண்டு பேர்

உதாரணத்துக்கு, சென்னையில் ஒரு அடிதடி வழக்கில் இரண்டு பேர் கைதாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கடை முதலாளி. இன்னொருவர் வெளி மாவட்டத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். இருவருக்கும் தலா 10,000 ரூபாய்க்கான இரு நபர் ஜாமீன் என்று உத்தரவு வருகிறது. உத்தரவில் ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை.

முதலாளிக்கு வக்கீல் தயார். சொந்த வீடு இருக்கும் அண்ணன், மாதச் சம்பளம் வாங்கும் மச்சான் என இரண்டு பேர் ஆவணங்களோடு வந்து நிற்கிறார்கள். வேலை முடிந்தது.

கட்டடத் தொழிலாளிக்கு? சென்னையில் அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் அவரை மாதிரியே தகர ஷெட்டில் தங்கியிருப்பவர்கள். வீட்டு வரி ரசீது கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. ஊரில் இருக்கும் அண்ணன் வரணும்னா பஸ் காசு, ஒரு நாள் கூலி, ஆவணம் எடுக்க அலைச்சல். வந்தாலும், ஆவணம் போதாது என்றால் மறுபடியும் இன்னொரு நாள். அவர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டில் அடுப்பு எரிய வழியில்லை.

உத்தரவு சமம்தான். ஆனா அந்த உத்தரவை விடுதலையாக மாற்ற ஆகும் செலவு சமம் இல்லை.

எத்தனை பேர் இப்படி இருக்காங்க?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு சிறைப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் நிலைமை புரியும்.

- நாட்டின் சிறைகளில் இருந்த மொத்தக் கைதிகள்: 5,73,220 பேர்
- அதில் விசாரணைக் கைதிகள், அதாவது தீர்ப்பு வராதவர்கள்: 4,34,302 பேர்
- அப்படியென்றால் நான்கில் மூன்று பேர் குற்றம் நிரூபிக்கப்படாமல் உள்ளே இருந்தவர்கள்
- 100 பேர் இருக்க வேண்டிய இடத்தில் சராசரியாக 131 பேர்

இவர்கள் எல்லோருமே ஜாமீன்தாரர் கிடைக்காதவர்கள் இல்லை. பலருக்கு ஜாமீன் மறுக்கப்பட்டிருக்கும், சிலர் கடுமையான குற்றச்சாட்டில் இருப்பார்கள். ஆனால் ஜாமீன் உத்தரவு கையில் வந்த பிறகும் வெளியே போக முடியாத ஒரு கூட்டம் இதற்குள் இருக்கிறது.

2022 நவம்பர் 26, அரசியலமைப்பு தின விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, சிறைகளில் அடைபட்டுக் கிடக்கும் ஏழைகளைப் பற்றி நீதிபதிகள் முன்னிலையிலேயே உருக்கமாகப் பேசினார். அடுத்த சில நாட்களில், ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்களின் விவரத்தைத் தருமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கணக்கெடுத்ததில் சுமார் 5,000 பேர் அந்த நிலையில் இருப்பது தெரிந்தது. அவர்களில் 1,417 பேர் விடுவிக்கப்பட்டார்கள். கணக்கெடுக்கச் சொல்லும் வரை, அந்த 1,417 பேரும் உள்ளேதான் இருந்தார்கள்.

கொத்தனாருக்கு 10,000 ரூபாய்: 1978 வழக்கு

இந்தப் பிரச்சினை புதுசு இல்லை. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. ஆனால் கீழ் நீதிமன்றத்தில் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு கொத்தனாருக்கு அது நினைத்தே பார்க்க முடியாத தொகை. அவருடைய சகோதரர் ஜாமீன் கொடுக்க வந்தபோது, அவரது சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி ஏற்கவில்லை.

வழக்கு மறுபடியும் டெல்லிக்குப் போனது. 1978 ஆகஸ்டில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு இன்றைக்கும் பேசப்படுகிறது. வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரை நிராகரிக்க முடியாது, ஏழையிடம் அவர் சக்திக்கு மீறிய தொகையைக் கேட்பது ஜாமீனை மறுப்பதற்குச் சமம் என்பதுதான் அதன் சாரம். 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணைப் பத்திரத்தில் அவரை விடச் சொன்னது நீதிமன்றம்.

அடுத்த ஆண்டே இன்னொரு அதிர்ச்சி. பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் விசாரணையே இல்லாமல் கிடந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரைகள் வெளிவந்தன. அதை ஆதாரமாக வைத்து வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். அதுதான் 1979-ன் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கும் அதிகபட்ச தண்டனையை விட அதிக காலம் சிலர் உள்ளே இருந்தது அப்போது வெளியே வந்தது.

விரைவான விசாரணை என்பது 21வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. பல ஆயிரம் பேரின் விடுதலைக்கு அந்த வழக்கு வழி திறந்தது.

சட்டத்தில் இப்போ என்னென்ன உரிமை இருக்கு?

அதற்குப் பிறகு சட்டம் நிறையவே மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தில் உள்ள முக்கியமானவை:

- ஒரு வாரக் கணக்கு: ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியவில்லை என்றால், அவரை வசதியற்றவர் என்றே கருத வேண்டும். ஜாமீன்தாரர் இல்லாமல், சொந்தப் பிணைப் பத்திரத்தில் விட வேண்டும்.
- 60 நாள், 90 நாள் கணக்கு: குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. இந்த வகை ஜாமீனுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது என 2020-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.
- மூன்றில் ஒரு பங்கு: இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர், தன் மீதான குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்திருந்தால் விடுவிக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது.
- இலவச வக்கீல்: காவலில் இருக்கும் எவருக்கும் இலவச சட்ட உதவி பெற 1987-ம் ஆண்டு சட்டம் உரிமை தருகிறது. இதற்கு வருமான வரம்பு கிடையாது.

2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் சில வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். 7 நாட்களுக்குள் கைதி வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பத்திரம் தாக்கல் ஆகவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் மாறல?

இதுதான் முக்கியமான கேள்வி. காரணம் சட்டத்தில் இருக்கும் ஓட்டை மட்டும் இல்லை. இந்த உரிமைகளில் பலவும் தானாக வந்து சேர்வதில்லை. யாராவது கேட்டால்தான் கிடைக்கும்.

60 நாள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 61வது நாள் காலையில் மனு போட வக்கீல் தயாராக இருந்தால் ஜாமீன் உறுதி. அந்த நாள் தெரியாமல் விட்டு, அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் உரிமை போச்சு. வசதி இருப்பவரின் வக்கீல் காலண்டரில் தேதியைக் குறித்து வைத்திருப்பார். வக்கீல் யாரென்றே தெரியாத கைதிக்கு அப்படி ஒரு தேதி இருப்பதே தெரியாது.

சிறையில் இருக்கும் விசாரணைக் கைதிகளில் பெரும்பான்மையினர் படிப்பறிவு இல்லாதவர்கள் அல்லது பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகத்தினரே அதிகம். உரிமையைக் கேட்டு வாங்க முடியாத நிலையில் இருப்பவர்களிடம்தான், கேட்டால் மட்டும் கிடைக்கும் உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு பக்கம், நீதிமன்ற வாசலில் காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் கையெழுத்துப் போடும் ஆட்கள். முறையான ஜாமீன்தாரர் கிடைக்காத குடும்பம், கடன் வாங்கி இவர்களிடம் போகிறது. ஆவணம் போலி என்று தெரிந்தால் ஜாமீனே ரத்தாகும் ஆபத்து. நேர்மையான வழி அடைபட்டால் குறுக்கு வழிக்குச் சந்தை உருவாகிறது.

ஜாமீன்தாரர் இல்லாம விட்டா ஓடிட மாட்டாங்களா?

நியாயமான கேள்விதான். குற்றம் சாட்டப்பட்டவர் தலைமறைவானால் பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைக்காது. அதனால்தான் உத்தரவாதம் கேட்கப்படுகிறது. ஆனா பணம் அந்த உத்தரவாதத்தைத் தருகிறதா?

அமெரிக்காவின் நியூயார்க்கில் 1961-ல் ஒரு முயற்சி நடந்தது. பணத்தைப் பார்க்காமல், எவ்வளவு காலம் ஒரே இடத்தில் வசிக்கிறார், வேலை இருக்கிறதா, குடும்பம் அருகில் இருக்கிறதா என்று பார்த்து, சொந்த உறுதிமொழியில் விடப் பரிந்துரைத்தார்கள். அப்படி வெளியே போனவர்களில் மிகப் பெரும்பாலானோர் விசாரணைக்குத் தவறாமல் வந்தார்கள். ஹுசைனாரா வழக்கில் நீதிபதி பகவதி பார்க்கச் சொன்னதும் இதே அளவுகோல்களைத்தான்: வேலை, குடும்பம், ஊரில் வேர் இருக்கிறதா என்பதை.

யோசித்துப் பார்த்தால், ஓடுவதற்குத்தான் பணம் தேவை. பாஸ்போர்ட்டும் விமான டிக்கெட்டும் வெளிநாட்டில் வீடும் இருப்பவர்களால்தான் எல்லை தாண்ட முடிகிறது. விஜய் மல்லையா 2016 மார்ச்சிலும், நீரவ் மோடி 2018 ஜனவரியிலும் நாட்டை விட்டுப் போனார்கள். இப்படிப்பட்டவர்களுக்காகவே 2018-ல் தலைமறைவு பொருளாதாரக் குற்றவாளிகள் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அது 100 கோடி ரூபாய் மற்றும் அதற்கு மேலான குற்றங்களுக்கானது. தினக்கூலிக்காரர் எங்கே ஓடுவார்? அவரது குடும்பமும் வேலையும் இங்கேதான்.

மற்ற நாடுகள்ல என்ன நிலைமை?

பணக்கார நாடு என்பதால் இந்தப் பிரச்சினை இல்லாமல் போய்விடாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஜாமீனுக்கு ரொக்கமே கட்ட வேண்டும். 2010-ல் நியூயார்க்கில் கலீஃப் பிரவுடர் என்ற 16 வயது சிறுவன் ஒரு பையைத் திருடியதாகக் கைதானான். கேட்கப்பட்ட ஜாமீன் தொகை 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. விசாரணையே நடக்காமல் சுமார் 3 ஆண்டுகள் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் கழித்தான், அதில் பெரும் பகுதி தனிமைச் சிறை. 2013-ல் வழக்கு கைவிடப்பட்டது. 2015-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தச் சம்பவம் அங்கே பெரிய விவாதத்தைக் கிளப்பியது. 2023 செப்டம்பரில் இல்லினாய், ரொக்க ஜாமீன் முறையை முழுவதுமாக ஒழித்த முதல் அமெரிக்க மாநிலமானது. இப்போது அங்கே பணம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அவரை வெளியே விட்டால் ஆபத்தா, ஓடிவிடுவாரா என்பதை மட்டுமே நீதிபதி பார்க்கிறார்.

சிறையில் இருந்தா ஓட்டும் கிடையாது

சுதந்திரம் என்பது வெளியே நடமாடுவது மட்டுமில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவுப்படி சிறையில் இருப்பவர் ஓட்டுப் போட முடியாது. குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிக்கும் இது பொருந்தும். ஜாமீனில் வெளியே இருப்பவர் தாராளமாக ஓட்டுப் போடலாம்.

ஆனால் அதே விசாரணைக் கைதி தேர்தலில் போட்டியிடலாம்! 2013-ல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் அதற்கு வழி செய்தது. 2024 மக்களவைத் தேர்தலில் இருவர் சிறையில் இருந்தபடியே வென்றார்கள். ஆதரவு பலம் இருப்பவருக்கு உள்ளேயிருந்தே எம்.பி. ஆக வழி உண்டு. ஜாமீன்தாரர் கிடைக்காதவருக்கு அந்த எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டுகூட இல்லை.

அரசே பணம் தரும் திட்டம் இருக்காமே?

இருக்கிறது. 2023-ல் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தை அறிவித்தது. அப்போது வெளியான வழிகாட்டுதலின்படி, ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாமல் உள்ளே இருக்கும் தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் உதவி கிடைக்கும். மாவட்ட அளவிலான குழு இதை முடிவு செய்யும். போதைப்பொருள், பயங்கரவாதத் தடுப்பு, பணமோசடித் தடுப்பு, ஊழல் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு இது பொருந்தாது.

ஆனால் தகுதியானவர்களைக் கண்டுபிடித்து நிதியைப் பயன்படுத்துங்கள் என்று மத்திய உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி நினைவூட்ட வேண்டியிருந்தது. இங்கேயும் அதே கதைதான். பணம் ஒதுக்கியாச்சு. தேவைப்படுபவரின் பெயரை யாராவது பட்டியலில் எழுத வேண்டுமே!

வீட்டில் ஒருத்தர் உள்ளே இருந்தா என்ன செய்யலாம்?

- தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போய் இலவச வக்கீல் கேட்கலாம்.
- கைது தேதியைக் குறித்து வையுங்கள். 60 நாள், 90 நாள் எப்போது முடிகிறது என்று வக்கீலிடம் கேளுங்கள்.
- ஜாமீன் நிபந்தனை சக்திக்கு மீறியதாக இருந்தால், அதைத் தளர்த்தச் சொல்லி மனு போடலாம். தற்காலிகமாக வெளியே விட்டால் ஜாமீன்தாரரைக் கொண்டு வருவேன் என்றும் கோரலாம்.
- பல வழக்குகளில் ஜாமீன் கிடைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால், அதே ஜாமீன்தாரர்களை ஏற்கக் கோரலாம். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை அனுமதித்திருக்கிறது.
- காசுக்குக் கையெழுத்துப் போடும் முகம் தெரியாத ஆட்களை நம்ப வேண்டாம்.

அப்போ, சமம் இல்லாத இடத்தில் நீதி சாத்தியமா?

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஒரு எச்சரிக்கை விடுத்தார். அரசியலில் சமத்துவம், சமூக, பொருளாதார வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டுக்குள் நாடு நுழையப் போகிறது, அதைச் சீக்கிரம் சரி செய்யாவிட்டால் ஜனநாயகமே ஆபத்தில் விழும் என்பதுதான் அது.

ஜாமீன் வழக்குகள் அந்த முரண்பாட்டை ஒவ்வொரு நாளும் காட்டுகின்றன. எல்லோருக்கும் ஒரே சட்டம் எழுதுவது முதல் படி மட்டுமே. அந்தச் சட்டத்தைப் பயன்படுத்த ஆகும் செலவை யார் ஏற்பது என்பதில்தான் மீதி இருக்கிறது.

சாத்தியமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மோதிராம் வெளியே வந்தார். பீகார் கைதிகள் வெளியே வந்தார்கள். கணக்கெடுத்தபோது அந்த 1,417 பேரும் வந்தார்கள். இவர்களில் யாருடைய சொத்தும் கூடவில்லை. நீதிமன்றமோ, ஒரு வக்கீலோ, ஒரு அதிகாரியோ அவர்கள் இருக்கும் இடத்தைத் தேடிப் போனார்கள், அவ்வளவுதான். உரிமையைக் கேட்டு வாங்க முடியாதவரிடம் அது தானாகப் போய்ச் சேரும் ஏற்பாடு இருந்தால், ஏற்றத்தாழ்வுக்கு நடுவிலும் நீதி கிடைக்கும். அந்த ஏற்பாடு ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரின் நல்ல மனதை நம்பியே இருக்கும் வரை, சிறைக் கதவின் சாவி பணம் இருப்பவர் பக்கமே இருக்கும்.